உடுமலைப் பக்கம் மருந்துக்கடை போடலாமா?

கேள்வி கேட்ட தம்பி பி.எஸ்ஸி. விவசாயம் முடித்தவர், ஊர் குடிமங்கலம் பக்கம். "பயிர்ப் பாதுகாப்பு மருந்துச் சந்தை உலகம் முழுக்க வருடா வருடம் வளர்கிறது என்று படிக்கிற எல்லா அறிக்கையிலும் இருக்கிறது. ஊரிலேயே ஒரு மருந்துக்கடை போட்டால் நல்லபடியாகப் பிழைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் ஒரு கம்பெனியின் விற்பனை ஆளாகத் தாராபுரம், காங்கேயம், பல்லடம் என்று பைக்கில் சுற்றினேன். கடை போடலாம், தம்பி. ஆனால் உலகச் சந்தை வளர்கிறது என்பதை நம்பிப் போடாதீர்கள். அந்தக் கணக்கு வேறு, உங்கள் கல்லாவில் விழுகிற காசு வேறு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வளர்ச்சி உண்மைதான். உலக உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி 2022-ல் உலக விவசாயம் சுமார் 37 லட்சம் டன் மருந்தைப் பயன்படுத்தியது. தண்ணீரும் கரைப்பானும் சேராத மூல மருந்தின் எடை இது. 1990-ல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. பணமாகப் பார்த்தால் வருடத்துக்கு 6,000 கோடி டாலருக்கும் மேல். இதில் பிரேசில் மட்டும் 7 லட்சம் டன்னுக்கு மேல் தெளிக்கிறது, பெரும்பாலும் சோயாவுக்கும் மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும். இந்தியா முழுக்கச் சேர்த்தால் சுமார் 60,000 டன்தான் வரும். நாம் அடிப்பதை விட வெளிநாட்டுக்குச் செய்து அனுப்புவதில்தான் பெரிய ஆட்கள். நம் ஏற்றுமதி வருடத்துக்கு 500 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

அந்த 6,000 கோடியில் பெரும்பங்கு எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். 2017-ல் சீன அரசுக் கம்பெனி கெம்சைனா, சுவிட்சர்லாந்தின் சின்ஜென்டாவை 4,300 கோடி டாலருக்கு வாங்கியது. 2018-ல் பேயர் மான்சான்டோவை வாங்கியது. டௌவும் டூபான்ட்டும் ஒன்றாகி, அதன் விவசாயப் பிரிவு 2019-ல் கார்டெவா என்று தனியாக வந்தது. நம் நாட்டு யு.பி.எல். 420 கோடி டாலர் கொடுத்து அரிஸ்டாவை வாங்கியது. விதையும் மருந்தும் ஒரே கைக்குள் வந்த காலம் அது. ஒரு புது மருந்தை ஆய்வகத்திலிருந்து கடைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 30 கோடி டாலரும் 12 வருடமும் ஆகிறது. அதனால் புது மருந்து கண்டுபிடிப்பவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். மற்றவர்கள் காப்புரிமை முடிகிற நாளுக்காகக் காத்திருந்து, அதே மருந்தை வேறு பெயரில் போடுகிறவர்கள்.

காப்புரிமை என்றதும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். நெல்லுக்கும் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் நம் பக்கத்தில் அதிகம் கேட்கிற குளோரான்ட்ரானிலிப்ரோல், அதாவது கொராஜன் என்று எல்லோரும் கேட்டு வாங்குகிற மருந்து, டூபான்ட் கண்டுபிடித்தது. டௌவோடு சேரும்போது போட்டிச் சட்டத்துக்காக அதை விற்க வேண்டி வந்தது, எஃப்.எம்.சி. என்ற இன்னொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. இந்தியாவில் அதன் காப்புரிமை 2022 ஆகஸ்டில் முடிந்தது. அதற்கு முன் அது என் கடையில் பூட்டிய அலமாரியில் இருந்தது, ஏக்கருக்கு 60 மில்லி அளந்து வாங்குவார்கள். முடிந்த ஒரு வருடத்துக்குள் அதே 18.5 சதவீத மருந்து (லேபிளில் 18.5 எஸ்.சி.) பத்துப் பன்னிரண்டு பெயர்களில் என் மேஜைக்கு வந்துவிட்டது. விலை இறங்கியது, விவசாயிக்கு நல்லது. ஆனால் பழைய விலைக்கு வாங்கி வைத்திருந்த சரக்கு என்ன ஆகும்? அதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று 2021-ல் நடந்தது. சீனாவில் மின்வெட்டு, ஆலைகள் நின்றன. அமெரிக்காவில் ஐடா புயல் அடித்து லூசியானாவில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி செய்கிற பெரிய ஆலை மூடிக் கிடந்தது. அந்த மருந்தின் விலை சில மாதத்தில் பல மடங்கு ஏறியது, கூடவே மற்ற மருந்துகளும் ஏறின. இனி கிடைக்காது என்று பயந்து உலகம் முழுக்க எல்லோரும் வாங்கிக் குவித்தார்கள். நானும் குவித்தேன். 2023-ல் சீன ஆலைகள் முழுவீச்சில் ஓட, குடோனெல்லாம் நிறைந்திருக்க, விலை சரிந்தது. நான் வாங்கிய விலைக்கும் கீழே பக்கத்துக் கடையில் பில் போட்டார்கள். அந்த வருடம் என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை வைத்தேன். ஷாங்காய்ப் பக்கத்து ஆலையில் நடக்கிறது கோமங்கலத்தில் கடை வைத்திருக்கிறவனைத் தொடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரக்கைக் குறைவாக எடுங்கள். ஒரு பட்டத்துக்கு, அதாவது ஒரு சாகுபடிப் பருவத்துக்கு மேல் எதையும் தூக்கி வைக்காதீர்கள். காலாவதி தேதி என்று ஒன்று இருக்கிறது, திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று வாய்வார்த்தையாகச் சொல்கிற ஆள் அடுத்த வருடம் வேறு கம்பெனியில் இருப்பார்.

சரி, நம் ஊரில் வியாபாரம் எதில் வளர்கிறது? களைக்கொல்லியில். உலக அளவில் மருந்தில் பாதி களைக்கொல்லிதான், இங்கே முன்பு அப்படி இல்லை. எங்கள் அப்பாரு காலத்தில் களைக்கொத்து எடுக்கப் பத்துப் பெண்கள் விடியலில் வரப்பில் நிற்பார்கள். இன்று அந்த வீட்டுப் பெண்கள் திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் ஏறிப் போகிறார்கள். அங்கே நிழலும் வாரச் சம்பளமும் இருக்கிறது, யாரைக் குறை சொல்ல முடியும்? மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாளுக்குள் அட்ரசின், இருபதாம் நாள் வாக்கில் டெம்போட்ரையோன் என்று ஆகிவிட்டது. ஆள் கிடைக்காத ஊரில் இந்த வியாபாரம் குறையப் போவதில்லை.

பூச்சிக்கு வருவோம். இங்கேதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இருக்கிறது. என் இருபத்திரண்டு வருடத்தில் கொங்கு நாட்டைப் புரட்டிப் போட்ட பூச்சிகளில் மூன்றுக்கு என் கடையில் தீர்வு இருக்கவில்லை. மூன்றும் வெளிநாட்டிலிருந்து வந்தவை, மூன்றையும் பிடித்து நிறுத்தியதில் பெரும்பங்கு கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவிகளுடையது.

முதலில் பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோயம்புத்தூரில் கண்டார்கள். இரண்டு வருடத்தில் பப்பாளி, குச்சிக்கிழங்கு, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தன. உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் நிறைய, உங்களுக்கே தெரியும். மல்பெரி இலையில் மருந்தடித்தால் அதைத் தின்கிற பட்டுப்புழு செத்துப்போகும். அடிக்காவிட்டால் இலையே இல்லை. என் கடை வாசலில் ஒருவர் மல்பெரிக் கொம்பை ஒடித்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. இலை முறுக்கிக்கொண்டு, மாவு மாதிரி படிந்து, கை வைத்தால் பிசுபிசு என்று இருந்தது. என்னிடம் கொடுப்பதற்கு எதுவுமில்லை என்று சொன்னேன். கொடுத்திருந்தால் பணம் வந்திருக்கும். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியைக் கொண்டுவந்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதை வளர்த்து ஊர் ஊராகக் கொடுத்தது. சில மாதங்களில் மாவு கருகி உதிர்ந்தது. அடுத்த வருடம் அதே ஆள் வந்து பட்டுப்புழுக் கதையெல்லாம் பேசிவிட்டுப் போனார்.

பத்து வருடம் கழித்து அதே மாதிரி குச்சிக்கிழங்குக்கு வந்தது. 2020-ல் கேரளாவில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, நாமக்கல், சேலம், ஈரோடு என்று பரவி நுனியைக் கட்டிப்போட்டது. ஆப்பிரிக்காவை எழுபதுகளில் பஞ்சத்துக்குத் தள்ளப் பார்த்த அதே பூச்சி. அங்கே 1981 முதல் விட்ட அனகைரஸ் லொபெசி என்ற குளவியைப் பெங்களூரு பூச்சி ஆய்வகம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. 2022 மார்ச் 7-ந் தேதி ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வெளியில் விட்டார்கள். இடைப்பட்ட இரண்டு வருடத்தில் நாமக்கல் பக்கத்தில் எத்தனை டேங்க் மருந்து போயிருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. மாவுப்பூச்சியின் மேல் மெழுகு, மருந்து உள்ளே இறங்காது. அடித்தால் முதலில் சாவது அதைத் தின்ன வந்த பொறிவண்டு.

மூன்றாவது தென்னையில் சுருள் வெள்ளை ஈ. இந்தியாவிலேயே முதலில் கண்டது நம் பொள்ளாச்சியில், 2016-ல். ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டை, மேல்பக்கம் கரும்பூசணம் படிந்து மரமே கரி பூசினது மாதிரி நிற்கும். பார்த்தால் வயிறு எரியும், உடனே எதையாவது அடிக்கத் தோன்றும். அந்த நேரத்தில் விவசாயியை அழைத்து, ஒரு ஓலையை அறுத்துத் திருப்பி, ஒரு லென்ஸைக் கையில் கொடுங்கள். செதில் மாதிரி ஒட்டியிருக்கிற கூட்டுப்புழுக்களில் சிலவற்றில் வட்டமாக ஒரு துளை இருக்கும். என்கார்சியா குளவி உள்ளிருந்து கடித்துக்கொண்டு வெளியே வந்த வாசல் அது. வெள்ளை ஈ தானாக வெளிவந்திருந்தால் கிழிசல் வேறு மாதிரி இருக்கும். பத்துக் கூட்டில் ஐந்தாறில் வட்டம் இருந்தால் அந்தத் தோப்பில் எதுவும் அடிக்க வேண்டாம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டலாம், ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சலாம், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துக் காய்ச்சின கஞ்சியை அடித்தால் காய்ந்து உரிந்து விழும். வேளாண் பல்கலைக்கழகம் சொன்ன முறை இது, மைதா மளிகைக் கடையில் கிடைக்கும். இதைச் சொல்லி அனுப்புகிற நாளில் உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. ஆனால் அந்தத் தோப்புக்காரர் அடுத்த பத்து வருடம் உங்கள் கடையைத் தாண்டிப் போகமாட்டார். என் அனுபவத்தில் இது வெறும் பேச்சு இல்லை, என் பற்றுவரவு நோட்டில் பெயர் பெயராக இருக்கிறது.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மக்காச்சோளத்துக்குப் படைப்புழு வந்ததைப் பாருங்கள். 2018-ல் கர்நாடகத்தில் இறங்கி, அந்த வருடமே நம் காட்டுக்குள் வந்துவிட்டது. அன்று ஒருவர் பிளாஸ்டிக் பையில் குருத்தோடு பிடுங்கிக் கொண்டுவந்தார். "ஏனுங்ணா, இது என்ன புழுங்க, ராத்திரியோட ராத்திரியா தின்னுருச்சு" என்றார். பிரித்தால் குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம், அதற்குள் புழு. தலையில் தலைகீழாக எழுதின ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. இந்த இரண்டு அடையாளத்தையும் மறக்காதீர்கள், மற்றப் புழுவோடு குழப்பிக்கொண்டால் விவசாயிக்கு ஒரு தெளிப்புக் காசு வீண்.

இந்தப் புழுவுக்கு எமாமெக்டின் பென்சோயேட் லிட்டருக்கு 0.4 கிராம், அல்லது குளோரான்ட்ரானிலிப்ரோல் 0.4 மில்லி, அல்லது ஸ்பினெடோரம் 0.5 மில்லி நன்றாகவே கேட்கிறது. ஆனால் எப்போது அடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம். இலையில் கண்ணாடி மாதிரி சுரண்டல் தெரியும்போது, பதினைந்து இருபது நாள் பயிரில், சாயங்காலம், நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து அடிக்க வேண்டும். புழு விரல் தடிமன் ஆன பிறகு எச்சமே மூடி மாதிரி அடைத்துக்கொள்ளும், எந்தக் கம்பெனி மருந்தும் உள்ளே போகாது. அந்த நேரத்தில் வந்து கேட்கிறவருக்கு இரண்டு மடங்கு அளவு எழுதிக் கொடுக்கிற கடைகள் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

அதே போல, போன முறை அடித்ததையே வேறு பெயரில் கொடுக்காதீர்கள். மருந்து புழுவின் உடம்பில் எந்த இடத்தைத் தாக்குகிறது என்பதை வைத்து உலகம் முழுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள். எமாமெக்டின் 6, ஸ்பினெடோரம் 5. குளோரான்ட்ரானிலிப்ரோல், ஃபுளுபென்டியமைடு, சயான்ட்ரானிலிப்ரோல் மூன்றும் 28. மூன்று பெயர், மூன்று விலை, மூன்று நிறப் பாட்டில், புழுவுக்கு மூன்றும் ஒன்றுதான். இதை மாற்றி மாற்றி அடித்துவிட்டு "எல்லா மருந்தும் அடிச்சுப் பார்த்துட்டேன், கேக்கலீங்க" என்று வருகிறவரைத் தினம் பார்ப்பீர்கள். உலகச் சந்தை வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய மருந்துக்குப் புழு பழகிவிடுகிறது, அடுத்த மருந்து அதைவிட விலை கூடியதாக வருகிறது. நீங்கள் படித்தவர், இந்த எண்ணைப் பார்த்து மாற்றிக் கொடுக்க உங்களால் முடியும். நம் பக்கத்துக்குத் தேவைப்படுவது அப்படிப்பட்ட கடைக்காரர்தான்.

இன்னொரு பழக்கம் இருக்கிறது. புழுவுக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று, டானிக் ஒன்று என்று நான்கையும் கவரில் போட்டு "ஒரு டேங்குக்கு இவ்வளவு" என்று நீட்டுவது. சத்தியமங்கலம் மல்லிகையிலும் சின்ன வெங்காயத்திலும் இது சர்வசாதாரணம். டானிக்கில்தான் லாபம் அதிகம், அதனால்தான் அது எல்லாக் கவரிலும் இருக்கிறது. உயிர் ஊக்கிகள் என்று விற்கிற இந்தச் சரக்கை 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்த பிறகு கொஞ்சம் ஒழுங்கு வந்திருக்கிறது. 'முழுக்க இயற்கை, பயோ' என்று ஒட்டியிருக்கிற பாட்டில் ஒரே ராத்திரியில் புழுவைக் கொன்றால் சந்தேகப்படுங்கள். உள்ளே ரசாயனம் கலந்திருக்கும். அதை நம்பி மஞ்சளுக்கு அடித்துவிட்டு ஏற்றுமதிக்காரர் சோதனையில் மாட்டினால் ஈரோட்டு விவசாயியின் மூட்டை திரும்பி வரும். தனி அளவு எதுவும் வைக்காத மருந்து விளைபொருளில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரை தங்கியிருக்கத்தான் ஐரோப்பாவில் அனுமதி.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 1958-ல் மும்பையிலிருந்து கொச்சிக்குக் கப்பலில் வந்த கோதுமை மாவில் ஃபாலிடால் என்ற பூச்சிமருந்து கசிந்து, அதைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பின்தான் பூச்சிமருந்துச் சட்டமே 1968-ல் வந்தது. நான் கம்பெனியில் இருந்த காலத்தில் தென்னைக்கு வேரில் மோனோகுரோட்டோபாஸ் கட்டுவது பெரிய வியாபாரம். மாதக் கடைசியில் அதற்கு டார்கெட் இருந்தது, நானும் முட்டி மோதி விற்றேன். ஒரு நாள் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் கையுறை இல்லாமல் மருந்து கலந்த ஆள் கண் சுருங்கி, வாயில் நுரை தள்ளி வரப்பில் விழுந்ததைப் பார்த்தேன். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். லேபிளைப் பார்த்ததும் டாக்டர் அட்ரோபின் என்ற விஷமுறிவு மருந்தைப் போட்டார், பிழைத்துக்கொண்டார். அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன். அந்த மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீத மருந்துக்கு (36 எஸ்.எல்.) 2023-ல்தான் தடை வந்தது. அதே வருடத் தொடக்கத்தில், தற்கொலைகளைக் குறைக்க நம் மாநில அரசு ஆறு மருந்துகளை 60 நாள் நிறுத்தி வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அதனால் கடையில் மருந்து கேட்டு முகம் தெரியாத ஒருவர், அதுவும் நிலம் எது, பயிர் எது என்று சொல்லத் தெரியாதவர் வந்தால் உட்காரவைத்துப் பேசுங்கள். சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டில் பூட்டில் இருக்கட்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு விஷமுறிவு மருந்தே கிடையாது. ஒவ்வொரு பாட்டிலோடும் கையுறையும் முகக்கவசமும் கொடுங்கள், காசு வாங்காமலே கொடுங்கள். தெளிக்க வருகிறவர் பெரும்பாலும் நிலத்துக்காரர் இல்லை, கூலிக்கு வருகிறவர், முதுகில் ஒழுகுகிற பதினாறு லிட்டர் டேங்கோடு வெயிலில் நிற்பவர். ட்ரோன் வந்த பிறகு ஏக்கருக்குப் பத்து லிட்டர் தண்ணீரில் வேலை முடிகிறது, மருந்து மேலே படுவதும் குறைகிறது. ஆனால் பக்கத்துக் காட்டில் மல்பெரி இருந்தால் காற்றுத் திசை பார்க்காமல் பறக்கவிடக் கூடாது.

பணத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளாமை எடுத்துத்தான் தருவார்கள், அதுவரை கடன். மழை பொய்த்தால் அடுத்த பட்டம். பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி., அதை நீங்கள் முதலில் கட்டியாக வேண்டும். கையில் ஒரு வருட முதல் இல்லாமல் இறங்காதீர்கள். வேளாண்மைத் துறையில் உரிமம் எடுக்க உங்கள் பி.எஸ்ஸி. பட்டம் போதும், நாங்கள் பழைய ஆட்கள்தான் ஒரு வருட டிப்ளமோ படிக்க வேண்டி வந்தது. எந்தக் கம்பெனி மருந்தை விற்கிறீர்களோ அவர்களிடம் பி.சி., அதாவது அவர்கள் மருந்தை விற்க அவர்களே தருகிற சான்றிதழை வாங்கி உரிமத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஒரு பெட்டி இறக்கினாலும் ஆய்வுக்கு வருகிறவர்கள் விடமாட்டார்கள். தாய்லாந்து டூர், தங்கக் காசு என்று கம்பெனி ஆட்கள் திட்டம் காட்டினால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

இந்தப் புரட்டாசியில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீரை நம்பி மக்காச்சோளம் விதைப்பு தொடங்கிவிடும். முடிவு எடுக்கும் முன் ஒரு மாதம் என் கடைக்கு வந்து உட்காருங்கள். காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள்தான் கூட்டம், ஆளுக்கொரு பையில் இலையோ வேரோ கொண்டுவருவார்கள். ஒரு லென்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.